காரைக்கால்ல ஒரு பூ இருக்கு... பார்த்தீங்களா?

காரைக்கால்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வீட்டுப் பெரியவங்களுக்கு சனிப்பெயர்ச்சி, திருநள்ளாறு. பைக் வச்சிருக்கிற பசங்களுக்கு பெட்ரோல் விலை. இன்னும் சில பசங்களுக்கு வேற ஒரு அயிட்டத்தோட விலை... சரி, அதை விடுங்க! இந்த முறை அந்த ஊருக்குப் போனா, இதெல்லாம் இல்லாம ஒரு பூவைப் பார்த்துட்டு வாங்க. டிக்கெட் கிடையாது, க்யூ கிடையாது, அர்ச்சனைத் தட்டும் வேண்டாம்.

என்ன பூன்னு கேக்கறீங்களா? காகிதப்பூ. பேப்பர் பூ. நர்சரிக்காரர் பாஷையில் போகன்வில்லா.

'அட போங்க பாஸ், இதுக்கா இவ்வளவு பில்டப்பு'ன்னு நீங்க பக்கத்தைத் திருப்பப் போறது தெரியுது. நியாயம்தான். காகிதப்பூன்னாலே நம்ம ஊர்ல ஒரு திட்டு. 'பார்க்கத்தான் பளபளப்பு, உள்ளே ஒண்ணும் இல்லை'ன்னு ஒருத்தரைச் சொல்லணும்னா இந்தப் பூவைத்தான் இழுப்போம். மல்லி மாதிரி மணக்காது, அதனால தலையில வைக்க மாட்டோம். சரமாக் கட்ட மாட்டோம். சாமி படத்துக்கும் போட மாட்டோம். ஆடு மாடு தாண்டி வராம இருக்க வேலியில ஏத்தி விடுவோம். இல்லேன்னா நாலு வழிச் சாலைக்கு நடுவுல நட்டு, லாரிப் புகையைக் குடின்னு விட்டுடுவோம். சின்ன வயசிலிருந்து எல்.கே.ஜி. காம்பவுண்டு, ஸ்கூல் காம்பவுண்டு, காலேஜ் காம்பவுண்டுன்னு கூடவே வருது. ஆனாலும் ஒரு பந்தயம். நீங்க இன்னும் இந்தப் பூவைப் பார்த்ததே இல்லை!

பார்க்கிற இடத்தை முதல்ல சொல்லிடுறேன். நாகப்பட்டினம் பக்கமிருந்து வந்தா நாகூர் தாண்டின கொஞ்ச நேரத்துல மாநிலம் மாறிடும். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் கண்ணுல பட்டா, புதுச்சேரி எல்லைக்குள்ள வந்தாச்சுன்னு அர்த்தம். அந்தத் தொப்பி பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போனது. சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான் மொத்த காரைக்கால் பகுதியும். மூணு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். தஞ்சாவூர் ராஜாவிடமிருந்து 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, 1954 நவம்பர் 1-ம் தேதி வரைக்கும் அவர்கள் நிர்வாகத்திலேயே இருந்த ஊர். காவிரியின் கிளையான அரசலாறு இந்த ஊரைத் தொட்டுக்கிட்டுப் போய்த்தான் கடலில் விழுது.

பாரதியார் சாலையில் காரைக்கால் அம்மையார் கோயில் வாசலில் இறங்கிக்கோங்க. அங்கிருந்து பெரிய ரோட்டை விட்டுட்டு உள் தெருக்களுக்குள்ள நுழைஞ்சு, கடற்கரைப் பக்கமா நடங்க. கடல் நெருங்க நெருங்கக் காத்து மாறும். முகத்துல உப்பு ஒட்டும், ஜன்னல் கம்பி துருப்பிடிச்சிருக்கும். இந்த உப்புக் காத்துல ரோஜா வளர்க்கிறவங்க பாடு சிரமம். ஆனா காம்பவுண்டு சுவர் மேல ஏறி, கேட்டுக்கு வளைவு கட்டி, மாடி வரைக்கும் போய் எட்டிப் பார்க்கிற ஒரு கொடிக்கு மட்டும் இந்த வெயில், இந்த உப்பு, இந்த மணல் எதுவும் பிரச்னையே இல்லை. நம்ம ஆளு அவர்தான்.

இப்ப ஒரு கொத்துப் பக்கத்துல போங்க. முள் இருக்கும், ஜாக்கிரதை. புதுச்சேரி ஆசிரமத்து அன்னை ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொருள் சொல்லிப் பெயர் வைத்தபோது இதுக்கு வச்ச பேர் 'பாதுகாப்பு'. குத்தின பிறகு அந்தப் பேரோட அருமை நல்லாவே புரியும்!

ரோஸ் கலரில், இல்லேன்னா கத்தரிப்பூ கலரில், மூணு இதழ் மாதிரி சேர்ந்து நிக்குதே, அது பூ இல்லை. இலை! தாவரவியல் படிக்கிறவங்களைக் கேளுங்க, 'பூவடிச் செதில்'னு சொல்வாங்க. சந்தேகமா இருந்தா ஒண்ணை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. நடுவுல ஒரு நரம்பு, அதுலேர்ந்து ரெண்டு பக்கமும் கிளை நரம்பு. பக்கத்துலயே இருக்கிற பச்சை இலையோட அச்சு அசல். கலர் மட்டும் வேற.

அப்போ பூ எங்கே?

அந்த மூணு கலர் இலைக்கும் நடுவுல பாருங்க. குச்சி குச்சியா மூணு குழாய் நிக்கும். ஒவ்வொண்ணும் ரெண்டு சென்டிமீட்டர் சுமாருக்கு நீளம். அடியில கொஞ்சம் புடைச்சு, நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கி, உச்சியில திறக்குது. திறந்த இடத்துல வெள்ளையா, இல்லேன்னா லேசான வெண்ணெய் நிறத்துல, ஒரு குட்டி நட்சத்திரம். உங்க சட்டைப் பட்டன் அளவுகூட இருக்காது. விளிம்பு சன்னமா சுருங்கி, பாவாடை ஓரத்துல வச்சுத் தைச்ச மாதிரி மடிப்பு. அதுதான் பூ. அது மட்டும்தான் பூ.

இன்னும் கொஞ்சம் உத்துப் பாருங்க. மூணும் ஒரே நேரத்துல திறந்திருக்காது. ஒண்ணு விரிஞ்சிருக்கும், ஒண்ணு இன்னும் மூடின தீக்குச்சி மாதிரி நிக்கும், இன்னொண்ணு வாடித் தலை சாஞ்சிருக்கும். முறை வச்சு வேலை பார்க்குதுங்க. ஒவ்வொரு பூவோட காம்பும் அதோட கலர் இலையின் நடு நரம்போட ஒட்டிப்போயிருக்கும். ஒரு இலைக்கு ஒரு பூ, கணக்கு கச்சிதம். அந்த வெள்ளை நட்சத்திரத்துலயும் ஒரு ட்விஸ்ட் இருக்கு. தாவரவியல்படி அதுவும் அல்லி இதழ் கிடையாது. இந்தக் குடும்பத்துக்கே அல்லி இதழ் இல்லை, புல்லிவட்டம்தான் அப்படி வெள்ளையா விரிஞ்சு நிக்குது.

'இலையைக் காட்டி ஏமாத்துதே, இது போங்காட்டம்'னு கோபப்படாதீங்க. டெல்டாக்காரங்களுக்கு இது புதுசே இல்லை. வாழைப்பூவை எடுத்துக்கோங்க. அந்தச் சிவப்பு மடலையா ஆஞ்சு வடை தட்டறோம்? மடலை உரிச்சுத் தூரப் போட்டுட்டு, உள்ளே சீப்பு சீப்பா இருக்கிற குட்டிப் பூவை எடுத்து, கள்ளனை நீக்கித்தானே சமைக்கிறோம். அந்த மடல்தான் இங்கே ரோஸ் கலர்ல நிக்குது. தாழம்பூ இன்னும் சுவாரஸ்யம். ஜடையில வச்சுத் தைக்கிற அந்த வெளிர் மஞ்சள் மடலும் பூ இல்லை, பூவை மூடியிருக்கிற இலைதான். ஆனா அது மணக்குது, அதனால மரியாதை. காகிதப்பூ மணக்கலை, அதனால வேலி!

அதோட சொந்தக்காரங்களையும் உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல விரியற அந்திமந்தாரை இருக்கே, அது இதுக்கு நெருங்கின உறவு. ரோட்டோரம் தரையோட படர்ந்து, பாட்டிமார் பறிச்சு மருந்துக்கு வதக்கிக் கொடுக்கிற மூக்கிரட்டையும் இதே குடும்பம்தான். மூக்கிரட்டையில ஊசித் தலை அளவுக்கு ரோஸ் பூ இருக்கும். அதையும் நாம பார்த்ததில்லை, அது வேற கதை. கலர் விஷயத்துலயும் இவங்க குடும்ப வழக்கம் தனி. ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் சிவப்பு கொடுக்கிற சாயம் ஆந்தோசயனின். காகிதப்பூவுல இருக்கிறது பீட்டாலெயின். பீட்ரூட்லயும் சிவப்புத் தண்டுக்கீரையிலயும் இருக்கிற அதே சாயம். இந்த ரெண்டு சாயத்தையும் சேர்த்துத் தயாரிக்கிற செடி இதுவரை கண்டுபிடிக்கப்படலை. ஹாஸ்டல் சாம்பார்ல பீட்ரூட் போட்டா என்ன கலர் வரும்னு உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்!

இனி இந்தப் பேர் எப்படி வந்ததுங்கிற கதை. இதைக் கேக்க காரைக்கால் மாதிரி ஒரு பழைய பிரெஞ்சு ஊர்தான் சரியான இடம். ஏன்னா போகன்வில்லாங்கிறது ஒரு பிரெஞ்சுக்காரரோட பேர். லூயி அந்த்வான் தெ பூகன்வில். கணிதம் படிச்சவர், ராணுவத்துல இருந்தவர், அப்புறம் கடலோடி. 1766-ல் ரெண்டு கப்பலோட உலகத்தைச் சுத்தக் கிளம்பி 1769-ல் திரும்பினார். அந்தப் பயணத்துல தாவரங்களைப் பார்த்து எழுத வந்தவர் ஃபிலிபேர் கொமர்சன். 1767-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவுல கப்பல் நின்னப்போ அங்கே கண்ணைப் பறிச்ச ஒரு கொடியைச் சேகரிச்சு, கமாண்டர் பேரை அதுக்கு வச்சார். (மேனேஜர் பேரை வச்சா இன்கிரிமென்ட் கிடைக்கும்ல, அந்தக் காலத்துலயும் அப்படித்தான் போல!) அந்தப் பேர் அச்சில் ஏறினது 1789-ல், ஜுஸ்யூ எழுதின தாவரவியல் நூலில்.

ஆனா கொமர்சனுக்குக் காலில் ஆறாத புண். நடக்கவே திணறுவார். அப்போ காடு மேடு ஏறிச் செடி பறிச்சது யாரு? அவரோட உதவியாளர், ழான் பாரே. முதுகுல செடி அழுத்துற அட்டை, துப்பாக்கி, சாப்பாட்டு மூட்டை எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு ஏறின அந்தப் 'பையன்' உண்மையில ஒரு பெண். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறக் கூடாதுங்கிறது அன்னிக்குச் சட்டம். அதனால மார்பை இறுக்கிக் கட்டி, ஆண் உடை போட்டுக் கிளம்பினாங்க. பசிபிக்கில் டஹீட்டி தீவுல இறங்கினப்போ, அந்த ஊர்க்காரங்க ஒரே பார்வையில கண்டுபிடிச்சுட்டாங்கன்னு பூகன்விலே எழுதி வச்சிருக்கார். கப்பல்ல இருந்தவங்களுக்கு அத்தனை மாசம் சந்தேகம் மட்டும்தான் இருந்தது. ரியோவுல அந்தக் கொடியை முதல்ல கையில எடுத்ததே பாரேவாகத்தான் இருக்கும்னு சில ஆராய்ச்சியாளர்கள் ஊகிக்கிறாங்க.

கொமர்சன் 1773-ல் மொரீஷியஸ்ல இறந்துட்டார். பாரே அங்கேயே ஒரு பிரெஞ்சுச் சிப்பாயைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, பிறகு பிரான்ஸ் திரும்பினாங்க. அந்தத் திரும்பலோட உலகத்தைச் சுத்தி வந்த முதல் பெண்ணா ஆனாங்க. கையில மாலையோட யாரும் துறைமுகத்துல நிக்கலை. 1785-ல் கடற்படை ஒரு சின்ன ஓய்வூதியம் கொடுத்தது, அவ்வளவுதான். கொமர்சன் பேரைத் தாங்கி எழுபதுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் இருக்கு. பாரே பேரை அவர் ஒரு செடிக்கு வச்சாராம், அதுவும் பெயரிடும் விதிச் சிக்கல்ல நிலைக்காம போச்சு. கடைசியா 2012-ல் தென் அமெரிக்காவுல கண்டுபிடிச்ச ஒரு செடிக்கு 'சோலானம் பாரேட்டியே'ன்னு பேர் வச்சாங்க. நம்ம கத்தரிக்காய், சுண்டைக்காய் குடும்பம். கிட்டத்தட்ட இருநூத்தைம்பது வருஷம் லேட்!

கலர் இலை கமாண்டர் பேரை வாங்கிக்கிச்சு. நடுவுல இருந்த பூ யார் கண்ணுலயும் படலை. எனக்கு என்னவோ இந்தச் செடியோட கதையும் இதைப் பறிச்சவங்க கதையும் ஒண்ணாத்தான் தெரியுது.

காரைக்காலுக்கு இது மாதிரி கதை ஏற்கெனவே பழக்கம். நீங்க நடக்க ஆரம்பிச்ச கோயில் யாரோடது? புனிதவதி. வணிகர் வீட்டு மருமகள். கணவன் விலகிப் போன பிறகு, 'இந்த அழகு இனி எனக்கு எதுக்கு'ன்னு அதைக் கழட்டி வச்சுட்டு, பேய் வடிவத்தைக் கேட்டு வாங்கிக்கிட்டவங்க. அறுபத்து மூவர்ல மூணே மூணு பெண்கள். அதுல ஒருத்தர் இந்த அம்மையார். ஆனி மாசம் மாங்கனித் திருவிழா அன்னிக்கு மாடியிலேர்ந்து ஜனங்க மாம்பழத்தை வீசுவாங்க. கீழே நிக்கிற அத்தனை பேர் கண்ணும் மாடி மேலேயே இருக்கும். அந்த மாடிக் கைப்பிடிச் சுவர்லயும் காகிதப்பூ தொங்கிக்கிட்டுதான் இருக்கும். மாம்பழத்தை விட்டுட்டு அதை யாரு பார்ப்பா? அன்னிக்கு நானா இருந்தாலும் மாம்பழத்தைத்தான் பார்ப்பேன்.

கடற்கரைக்கு வந்தாச்சுன்னா இன்னொண்ணையும் நினைச்சுக்கோங்க. 19-ம் நூற்றாண்டுல இந்தக் கரையிலேர்ந்தும் புதுச்சேரியிலேர்ந்தும் கப்பல் கப்பலா ஜனங்க போனாங்க. ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக். எல்லாம் பிரெஞ்சுக்காரனோட கரும்புத் தோட்டம். ஒப்பந்தக் கூலிகளாப் போனவங்க. கப்பல் பதிவேட்டுல அவங்க பேரைத் தன் காதுக்குக் கேட்ட மாதிரி எழுதிக்கிட்டான் குமாஸ்தா. இன்னிக்கும் அந்தத் தீவுகள்ல தமிழ்ப் பேர் ஒண்ணு, பிரெஞ்சு எழுத்துக்கூட்டல்ல, குடும்பப் பேரா நின்னுக்கிட்டு இருக்கு. அந்தத் தீவுகள்ல வெயில் நல்லா அடிக்கிற சுவர் மேல எல்லாம் நம்ம காகிதப்பூவும் படர்ந்திருக்கு.

சரி, ஒரு கவலையான விஷயம். இப்ப நர்சரிக்குப் போய் 'போகன்வில்லா வேணும்'னு கேட்டுப் பாருங்க. அடுக்கு ரகம் ஒண்ணைக் காட்டுவாங்க. மகாரான்னு ஒரு வகை ரொம்பப் பிரபலம். ரோஜாப் பந்து மாதிரி அடுக்கடுக்கா, கொத்துக் கொத்தா, செம கலர். அதை வாங்கறதுக்கு முன்னாடி நடுவுல விரலை விட்டு விரிச்சுப் பாருங்க. இலைக்குள்ள இலை, அதுக்குள்ள இன்னொரு இலை. நட்சத்திரம் இருக்காது! கலருக்காகவே தேடித் தேடித் தேர்ந்தெடுத்ததுல, பூ இருக்க வேண்டிய இடத்தையும் கலர் இலையே பிடிச்சுக்கிச்சு. வேற ஒரு குறையும் இருக்கு. ஒத்தை ரகத்துல வாடின மடல் தானா உதிர்ந்து பறந்துடும். அடுக்கு ரகத்துல காய்ஞ்சு பழுப்பாகி, செடியிலேயே அழுக்குத் துணி மாதிரி தொங்கும். காசு கொடுத்து வாங்கறது உங்க இஷ்டம். என்னைக் கேட்டா, பக்கத்து வீட்டுப் பழைய ஒத்தைக் கொடியிலேர்ந்து பென்சில் கனத்துக்கு ஒரு குச்சியைக் கேட்டு வாங்கி நட்டு வைங்க. சட்டுனு வேர் பிடிக்கலேன்னா இன்னும் ரெண்டு குச்சி கேளுங்க, யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

நட்டப்புறம் பாசத்துல தண்ணியை ஊத்தித் தள்ளாதீங்க. கொடுத்தா கொடுத்த தண்ணிக்கு இலையாத் தள்ளும். கொஞ்சம் காயப் போட்டாத்தான் பூக்கும். வெயிலும் நாள் முழுக்க வேணும். அதனாலதான் ஐப்பசி கார்த்திகை மழையில வெறும் பச்சையா நின்ன கொடி, தை பிறந்து தரை காய ஆரம்பிச்சதும் பத்திக்கிட்ட மாதிரி நிறம் மாறுது. தையிலேர்ந்து சித்திரை வரைக்கும் காரைக்கால் பக்கம் போறதுக்கு அருமையான நேரம். செருமாவிலங்கையில வேளாண் கல்லூரி இருக்கு, திருவேட்டக்குடியில என்.ஐ.டி. இருக்கு. அங்கே படிக்கிற மக்களே, உங்களுக்கு பஸ் செலவுகூட அதிகம் ஆகாது!

காலையில போனா நல்லது, வெயில் ஏறிட்டா கண் கூசும். மொபைல்ல மேக்ரோ இருந்தா நட்சத்திரத்துக்கு நேரா, பக்கத்துல வச்சு எடுங்க. தூரத்துலேர்ந்து எடுத்தா வழக்கம்போல ரோஸ் கலர் மட்டும்தான் விழும். பறிக்க வேண்டாம். இலைகளையும் ஒரு பார்வை பாருங்க. கத்தரியால வெட்டின மாதிரி ஓரத்துல வட்டமா துண்டு போயிருந்தா, அது பூச்சி அரிச்சது இல்லை, இலைவெட்டித் தேனீயோட வேலை. அந்த வட்டத்தை எடுத்துட்டுப் போய்த்தான் குஞ்சுக்கு அறை கட்டும். மருந்து அடிக்க ஓடாதீங்க, கட்டிட்டுப் போகட்டும்.

யாராவது வீட்டுக்காரர் வெளியே வந்து 'என்ன தம்பி, என்ன வேணும்'னு கேப்பார். பூ பார்க்கிறோம்னு சொல்லுங்க. ஏற இறங்கப் பார்ப்பார். அவருக்கும் அந்த நட்சத்திரத்தைக் காட்டுங்க. இருபது வருஷமா அவர் தண்ணி ஊத்தின கொடிதானே!

அப்படியே அரசலாறு ஓரமா கடற்கரைச் சாலைக்கு வந்துடுங்க. சாயங்காலம் காத்து எழும்பினதும், உதிர்ந்த மடலெல்லாம் தார் ரோட்டுல சரசரன்னு உருண்டு ஓடும். நிஜமாவே காகிதச் சத்தம். அந்தச் செடியோட சொந்த ஊர்ல விதையைக் காத்து தூக்கிட்டுப் போறதுக்கு இந்த மடல்தான் சிறகு. இங்கே பெரும்பாலும் விதை பிடிக்கிறது இல்லை, ஆனாலும் சிறகு மட்டும் பறக்குது. ஓடறதுல ஒண்ணைக் குனிஞ்சு எடுத்துத் திருப்பிப் பாருங்க. நடு நரம்போட ஒட்டி, பழுப்பா, நூல் மாதிரி சுருண்டு, அந்தக் குட்டிப் பூ அதுலேயே இருக்கும்.